சாய்ப்பில் இருந்த ஐந்தாவது ஆள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் ரப்பர் விளைகளுக்கு நடுவே ஒரு வீடு. சர்வேக்காகப் போயிருந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகளை அப்போதுதான் காயப்போட்டிருந்தார்கள். "வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டேன். "நாலு பேரு" என்றார் வீட்டுக்காரர். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு பெயர்களையும் வயதுகளையும் டேப்லெட்டில் ஏற்றி முடித்து எழுந்தபோது, வீட்டின் பக்கவாட்டில் ஓடு இறக்கியிருந்த சாய்ப்பிலிருந்து வெற்றிலை இடிக்கும் சத்தம் வந்தது. டொக், டொக் என்று அவசரமே இல்லாத சத்தம். பல் இருப்பவர்கள் வெற்றிலையை இடித்துத் தின்பதில்லை.

"அது அம்மை" என்றார் அவர். "இந்த மாசம் இங்க இருக்காங்க. அடுத்த மாசம் அண்ணன் வீட்டுக்குப் போயிருவாங்க."

அவர் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவருக்குத் தோன்றிய சரியான பதில் அது. ஆனால் அண்ணன் வீட்டில் போய்க் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்: "அம்மை தம்பி வீட்டுல இருக்காங்க." இரண்டு வீட்டுக் கணக்கிலும் அந்தத் தாய் இல்லை. கணக்கெடுப்புகளில் 'வழக்கமாக இங்கே வசிப்பவர்' என்று ஒரு விதி உண்டு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று இன்னொரு விதி. மாச முறை வைத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு மாறி மாறிப் போகிற, சில நாள் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிற தொண்ணூறு வயதுக்காரர் இந்த இரண்டு விதிக்கும் நடுவில் நழுவிப் போய்விடுகிறார். முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் இன்னும் எளிதாக விடுபடுவார்கள். வீடு வீடாகப் போகும் சர்வேக்கள் பெரும்பாலும் இல்லங்களின் படியேறுவதில்லை.

அன்றிலிருந்து நான் "எத்தனை பேர்" என்ற கேள்வியோடு நிறுத்துவதில்லை. "இன்னைக்கு ராத்திரி இந்தக் கூரைக்குக் கீழ யாரெல்லாம் படுப்பாங்க? வயசானவங்க யாராவது மாச முறையில வந்து போறாங்களா?" என்றும் கேட்டுவிடுவேன். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்தேன். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எண்பதைத் தாண்டியவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதற்குப் பயிற்சி அட்டவணையில் வழக்கமாக அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். அது போதாது என்று ஒவ்வொரு முறையும் சண்டை போட்டு அரை நாள் வாங்கிவிடுவேன். அந்த அரை நாளில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாய்ப்புக் கதையை முடித்துவிடுகிறேன். பெயரைச் சேர்த்த பிறகு, மறுநாள் அந்த அம்மாவிடம் பேட்டி எடுக்கப் போனேன். மகன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "அவங்களுக்குச் செவி கேக்காது. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க" என்றார். எங்கள் சூப்பர்வைசரும் போனில் அதையேதான் சொன்னார்: "பிராக்சி போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போ." ஒருவருக்குப் பதிலாக வீட்டார் பதில் சொல்வதைத்தான் பிராக்சி என்போம். ஒரு நாளைக்கு இத்தனை பேட்டி என்று எங்களுக்கு இலக்கு உண்டு. நானும் போட்டேன். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. நல்லா உறங்குவாங்க. வலி ஒண்ணும் இல்ல. கவலையா? அவங்களுக்கு என்ன கவலை, வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் நாங்க பாக்கோம்.

எழுந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். தோள்வரை வடிந்த காது. பாம்படம் எப்போதோ கழற்றியாயிற்று. "நீ ஆருக்க மோளு?" என்று கேட்டார். குனிந்து அவர் வலது காதுக்குப் பக்கத்தில் என் அப்பா பெயரையும் ஊரையும் சொன்னேன். கேட்டுவிட்டது. தலையாட்டினார். அப்புறம் சொன்னார்:

"என்னட்ட ஒண்ணும் கேக்கலியே மக்களே."

அந்தப் பேட்டியை நான் அனுப்பவில்லை. அன்று சாயங்காலம் சூப்பர்வைசரிடம் பேசினேன். அவருக்குக் கோபம், அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருந்தது. கடைசியில், இலக்குக்குள் வராத நேரத்தில் போய் எடுத்துக்கொள் என்றார். மறுநாள் மகனும் மருமகளும் ரப்பர் பால் வெட்டப் போயிருந்த நேரத்தில் போனேன். இரண்டு நாள், இரண்டு அமர்வு. அந்த அம்மா எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பதை எழுதமாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்டேன். அடையாளம் தெரியாதபடி அந்த வீட்டைப் பற்றிய சில விவரங்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மகன் சொன்ன பதில்களும் அவர் சொன்ன பதில்களும் ஒரே ஆளைப் பற்றியவை போல இல்லை.

மகன் பொய் சொன்னாரா என்றால், இல்லை. தாய் நடக்கிறாரா, தானே குளிக்கிறாரா, எத்தனை மாத்திரை என்பதையெல்லாம் அவர் சரியாகவே சொல்லியிருந்தார். கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்களில் வீட்டார் பதில் பெரும்பாலும் ஒத்துப்போகும். வலி, பயம், தனிமை, திருப்தி போன்ற உள்ளே இருக்கிற விஷயங்களில் ஒத்துப்போவதில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால்தான் நல்ல கேள்வித்தாள்களில் மனநிலை பற்றிய பகுதியை பிராக்சியிடம் கேட்கவே கூடாது என்று போட்டிருப்பார்கள். அப்படி விட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். மிகவும் வயதானவர்கள், காது கேளாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் என்று யாருடைய மனநிலையை அறிய வேண்டுமோ, அவர்களுடைய கட்டங்கள்தான் வெறுமையாக இருக்கும்.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது என் சொந்தப் பாட்டியிடம். என் அம்மையின் அம்மை. ஒவ்வொரு புதுக் கேள்வித்தாளையும் முதலில் அவரிடம்தான் கேட்டுப் பார்ப்பேன். அவர் சொன்னதை எழுதுவதற்கு அவரே அனுமதி தந்திருந்தார், அதனால் அவரைப் பற்றித் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

வயதில் தொடங்குகிறேன். "பாட்டி, ஒங்களுக்கு எத்தன வயசு?" "எண்பது இருக்கும்." இந்த 'இருக்கும்' என்ற சொல்லில்தான் வயது பற்றிய நம் புள்ளிவிவரங்கள் பாதி நிற்கின்றன. இந்தியாவில் எந்தக் கணக்கெடுப்பை எடுத்தாலும் 60, 65, 70, 75, 80 என்று 0, 5-இல் முடிகிற வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். நடுவில் இருக்கிற வயதுகள் மெலிந்திருக்கும். ஆதாரைப் பார்த்தேன். பிறந்த ஆண்டு 1938 என்று இருந்தது. பதிவு செய்த அன்று யாரோ ஒரு வயதைச் சொல்ல, அதிலிருந்து கழித்துப் போட்ட ஆண்டு அது.

கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ஒங்க அப்பா என்ன வருஷம்னு சொல்லுவாரு?" உடனே பதில் வந்தது: "ஆயிரத்து நூற்றியெட்டு சித்திரை."

நம் மாவட்டத்தில் இது கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூரிலும், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு வருஷம் என்றால் கொல்லம் வருஷம்தான். ஆவணியில் தொடங்குகிற ஆண்டு. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிகிறவரை என்றால் 824 கூட்டவேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிகிறவரை என்றால் 825. 1108 சித்திரை என்றால் 1933. ஆதாரில் இருப்பதைவிட ஐந்து வயது கூடுதல்.

ஒரே ஒரு பதிலை நம்பிவிடக்கூடாது, அதனால் சுற்றிலும் கேட்டேன். 99-ஆம் வெள்ளத்தை அவர் பார்க்கவில்லை. தாய் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது 1924 ஜூலை, கொல்லம் 1099 முடிகிற சமயம். சரி. திருவிதாங்கூர் மகாராஜா கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது தான் கைக்குழந்தை இல்லை, ஓடியாடுகிற பிள்ளை என்று வீட்டில் சொல்லக் கேட்டதாகச் சொன்னார். அது கொல்லம் 1112 துலாம் (ஐப்பசி) மாதம், அதாவது 1936 நவம்பர் 12. மூன்று வயது. பொருந்துகிறது. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நடந்த போராட்டத்தில் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது கையில் மூத்த பிள்ளை இருந்தது என்றார். அது 1954 ஆகஸ்ட் 11. இருபத்தொரு வயது. அதுவும் பொருந்துகிறது. கடைசியில் சபையில் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். பழுப்பேறிய தாளில் 1933 என்று இருந்தது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தப் பதிவேடு பெரிய வரம். சில இந்துக் குடும்பங்களில் ஜாதகக் குறிப்பு கிடைக்கும். இரண்டும் இல்லாதவர்களுக்குத்தான் ஊர்க் காலண்டர் தேவைப்படுகிறது. நாங்கள் ஒரு அட்டையில் இந்த மாவட்டத்து நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம்: வெள்ளம், கோயில் திறப்பு, அரிசி கிடைக்காமல் மரச்சீனிக் கிழங்கு தின்று கிடந்த யுத்த காலம், சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவான் பதவியை விட்டுப் போனது, துப்பாக்கிச் சூடு, மாவட்டம் இணைந்தது, 1970-இல் விவேகானந்தர் பாறை மண்டபம், 1979-இல் நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. கடலோர ஊர்களுக்கு 2004 டிசம்பர் 26-ம் 2017 ஒக்கிப் புயலும் சொல்லவே வேண்டாம். பிறந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, "புருஷன் இறந்தது எப்போ, கண் ஆபரேஷன் செய்தது எப்போ" என்று எதைக் கேட்டாலும் இந்த அட்டை உதவுகிறது. பெரியவர்களின் ஞாபகம் எண்களில் இல்லை. எது முந்தி, எது பிந்தி என்ற வரிசையில் இருக்கிறது.

ஐந்து வயது முன்னே பின்னே இருந்தால் என்ன என்று பயிற்சியில் கேட்பார்கள். 80-க்கும் 85-க்கும் நடுவில் உடம்பு எவ்வளவோ மாறிவிடும். வயதைத் தவறாக எழுதிவிட்டு, எந்த வயதில் நடை தளர்கிறது, எந்த வயதில் உதவி தேவைப்படுகிறது என்று கணக்குப் போட்டால் அது யாருக்கும் பயன்படாது. டென்மார்க்கில் இந்தக் கஷ்டம் இல்லை. அங்கே எல்லார் பிறந்த தேதியும் அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. 1905-இல் பிறந்து 1998-இல் உயிரோடு இருந்த எல்லாரையும் அவர்கள் தேடிப் போனார்கள். சுமார் 3,600 பேர். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று வயது. அவர்களில் 2,262 பேர் ஆய்வில் கலந்துகொண்டார்கள். இந்த வயதில் யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் சொல்வேன். நம் நாட்டிலும் 2017-18-இல் தேசிய அளவில் முதுமை பற்றிய பெரிய ஆய்வு ஒன்றின் முதல் சுற்று நடந்தது. 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே அறுபதைத் தாண்டியவர்கள் பத்துக் கோடிக்கு மேல். கேட்கவேண்டிய தேவை இருக்கிறது. பதில் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

காது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேரை இழப்பது இங்கேதான். வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யொலிகள் கரைந்துபோய், உயிரொலி மட்டும் காதில் விழும். அதனால்தான் "பேசுறது கேக்கு, என்ன பேசுறேன்னு தெரியல" என்கிறார்கள். நாம் கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெரிதாகும், சொல் தெளியாது. கத்துகிற முகம் கோபமாகவும் தெரியும். பெண்களாகிய நாங்கள் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டும். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று முதலிலேயே கேட்டு அந்தப் பக்கம் உட்காரவேண்டும். வெளிச்சம் என் முகத்தில் விழவேண்டும், அவர் கண்ணில் விழக்கூடாது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். டிவியையும் மோட்டாரையும் நிறுத்தச் சொல்லவேண்டும்.

எங்கள் குழுவில் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு செவிலியர் வந்திருந்தார். சுத்தமாகக் காது கேட்காது என்று வீட்டார் சொன்ன ஒரு பாட்டாவிடம் (தாத்தாவை எங்கள் ஊரில் பாட்டா என்போம்), தன் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்து அவர் காதில் மாட்டிவிட்டு, மார்பில் வைக்கிற வட்டத்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து மெல்லப் பேசினார். பாட்டா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கண் விரிந்தது. "பைய, பைய. இப்பத் தெளிவாக் கேக்கு" என்றார். பழைய வைத்தியர்களுக்குத் தெரிந்த வழிதான், எனக்குத்தான் அன்றுவரை தெரியாது. பனையேறிய ஆள் அவர். இரண்டு உள்ளங்கையும் காய்த்து மரம் போல இருந்தன. கைப்பிடி வலிமை பார்க்கிற கருவியைக் கொடுத்தபோது, எங்களில் எவரையும்விட அதிகமாக அழுத்தினார். அதற்கு முந்தின நாள் அவருக்கும் 'பதில் தர இயலாதவர்' என்று குறித்துவிட்டுப் போயிருந்தோம்.

நேரமும் அப்படித்தான். காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், கஞ்சியும் மாத்திரையும் ஆனபிறகு, மதியம் தலை சாய்ப்பதற்கு முன்பு போனால் நல்ல பதில் கிடைக்கும். மோந்தி நேரத்தில், அதாவது பொழுது சாய்கிற வேளையில் போகவே கூடாது. மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு அந்த நேரத்தில்தான் குழப்பம் கூடும். ஒன்றரை மணி நேரக் கேள்வித்தாளை ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் கடைசி முப்பது நிமிடமும் வெறும் தலையாட்டல்தான். மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இனி கொஞ்சம் சிக்கலான விஷயம். சர்வேயில் அடிப்படை விதி, எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே சொற்களில் கேட்கவேண்டும் என்பது. அது நியாயமான விதி. ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குக் கேட்டால் பதில்களை ஒன்றாகச் சேர்க்க முடியாது. அப்படியென்றால் உதவி எங்கே நிற்கவேண்டும்? நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: குரல், இடம், நேரம், இடைவேளை, திரும்பப் படிப்பது, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொடுப்பது எல்லாம் உன் கையில். கேள்வியின் சொல்லும், பதில்களின் வரிசையும் உன் கையில் இல்லை. சொல் சரியில்லை என்றால் அதைத் திண்ணையில் நின்று மாற்றாதே. களத்துக்கு வருவதற்கு முன்பே சண்டை போட்டு மாற்று.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் பாட்டிதான். ஒரு கேள்வி: "கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் மனச்சோர்வாக உணர்ந்தீர்கள்?" பாட்டி பதில் சொன்னார்: "சோர்வு இல்லாம இருக்குமா மக்களே? காலத்த எழும்பி முத்தம் தூத்தாலே சோர்வுதான்." முற்றம் பெருக்குவதால் வருகிற உடம்புச் சோர்வைச் சொல்கிறார். அந்தப் பதிலை அப்படியே எழுதினால் பாட்டிக்கு ஏழு நாளும் மனநோய் என்று ஆகிவிடும். "மனசுல வெப்ராளம் உண்டா பாட்டி?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது ஒங்க பாட்டா செத்துப்போன வருஷம் இருந்துது. இப்ப இல்ல" என்றார். வெப்ராளம் என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் துக்கம், ஆற்றாமை, நெஞ்சடைப்பு எல்லாம் சேர்ந்த பொருள். சென்னையில் மொழிபெயர்த்தவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த ஆய்வின் முன்னோட்டத்தில் இதைச் சொல்லி, கேள்விக்குப் பக்கத்தில் வட்டாரச் சொல்லையும் அச்சடிக்க வைத்தோம்.

பதில்களை வாசித்துக் காட்டுவதும் இப்படியே. 'மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியும் இல்லை அதிருப்தியும் இல்லை...' என்று ஐந்தையும் வாசித்து முடிக்கும்போது முதல் மூன்று நினைவில் நிற்பதில்லை. காதால் மட்டும் கேட்கும்போது கடைசியாகக் கேட்டதையே சொல்கிற போக்கு வயதோடு கூடுகிறது. நான் முற்றத்தில் உட்கார்ந்து ஐந்து குவியலாகப் புளியங்கொட்டை வைத்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து கொட்டைகள். "ரொம்பத் திருப்தின்னா இந்த அஞ்சு, கொஞ்சமும் இல்லன்னா இந்த ஒண்ணு." பாட்டி விரலை நீட்டி, நான்கு இருந்த குவியலைத் தொட்டார். பிறகு அதிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நடக்க முடியலியே, அதுக்கு ஒண்ணு கொறச்சுக்க" என்றார். அவ்வளவு துல்லியமான பதிலை எனக்கு முப்பது வயதுக்காரர் யாரும் தந்ததில்லை.

இன்னொரு நாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிற சோதனை. பாட்டி பள்ளிக்கூடம் போகாதவர். "தொண்ணூத்தி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. விதிப்படி பூஜ்யம் போட்டேன். சோதனை முடிந்து டேப்லெட்டை மூடியபிறகு, சின்ன வயதில் சந்தைக்குப் போன கதையைக் கேட்டேன். "நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூவா" என்று திருவிதாங்கூர் காசுக் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். "அப்ப மூணு ரூவாய்க்கு எத்தன சக்கரம் பாட்டி?" நான் மனதில் பெருக்கி முடிப்பதற்குள் "எண்பத்திநாலு" என்றார். அதே ஏழின் கணக்குத்தான், காசாக வந்தபோது கைவந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கான சோதனையைப் பள்ளிக்கூடக் கணக்கில் வைத்தால், அளப்பது மூளையையா, படிப்பையா? இந்தக் கேள்வியை ஆய்வு வடிவமைக்கிறவர்களிடம் நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சிலர் காது கொடுக்கிறார்கள்.

ஒப்புதல் வாங்குவது பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு பக்கத் தகவல் தாளை மளமளவென்று வாசித்துவிட்டு, மைப்பெட்டியை நீட்டிக் கட்டைவிரலைப் பிடிப்பது ஒப்புதல் ஆகாது. எங்கள் பக்கத்தில் கைநாட்டு வைத்துப் பூமியை இழந்த கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். "விரல வச்சு எழுதி வாங்கிட்டுப் போயிருவியா?" என்று ஒரு பாட்டி கேட்டது நியாயமான பயம். வீட்டாருக்கும் அதே பயம் இருக்கும். எழுத்து தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்கவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. நான் பக்கத்து வீட்டு ஆளையோ அங்கன்வாடி டீச்சரையோ கூப்பிடுவேன். துண்டு துண்டாகச் சொல்லிவிட்டு, "இப்ப நான் எதுக்கு வந்திருக்கேன், நீங்க சொல்லுங்க பாட்டி" என்று கேட்பேன். பாதிப் பேர் "பென்ஷன் தர" என்பார்கள். அப்போது நிறுத்திவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லவேண்டும்: நான் பென்ஷன் தரமாட்டேன், இருக்கிற பென்ஷனையும் வெட்டமாட்டேன். இரண்டையும் சொல்லவேண்டும். முதலாவதைச் சொல்லாவிட்டால் அது ஏமாற்று. இரண்டாவதைச் சொல்லாவிட்டால் பயத்தில் மகன் அனுப்புகிற பணத்தை மறைப்பார்கள். உண்மை தெரிந்தபிறகு "அப்ப வேண்டாம் மக்களே" என்று சொல்கிறவர்கள் உண்டு. சரி பாட்டி என்று எழுந்து வந்துவிடவேண்டும்.

சாய்ப்பு வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்து அதே ஆய்வின் அடுத்த சுற்றுக்காகப் போனேன். முற்றத்தில் அதே கொடி, ரப்பர் ஷீட்டுகள். வெற்றிலை இடிக்கிற சத்தம் இல்லை. மழைக்காலத்தில் போய்விட்டார் என்றார் மகன். இறந்தவர்களுக்கென்று தனிக் கேள்வித்தாள் உண்டு: கடைசி மாதங்களில் என்ன நோய், யார் பார்த்துக்கொண்டார்கள், எங்கே இறந்தார். அதற்கு மகனைத்தான் கேட்கவேண்டும். இந்த முறை அவர் ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். நானும் அவசரப்படுத்தவில்லை.

முடிந்ததும் அவர் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்தார். அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அம்மைகிட்ட ரெண்டு நாளு இருந்து கேட்டீங்கல்லா" என்றார். "அம்மை என்ன சொன்னா?"

"அத நான் சொல்லக்கூடாது அண்ணே" என்றேன்.

"எனக்க அம்மையில்லியா?"

"ஆமா அண்ணே. அவங்ககிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சாயா ஆறிப்போயிருந்தது. சாய்ப்புக்குள் இப்போது ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜன்னல் திட்டில் மட்டும் அந்தச் சின்ன வெற்றிலை உரல், உலக்கையோடு, கழுவித் துடைத்து வைத்திருந்தது.